சத்தம் கேட்கும் பள்ளிக்கூடம்

ஜனவரி 22

தலைவி ஆகிவிட்டேன். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி, சந்தனமாரி பொன்ராஜ். பள்ளிக்கூடச் சுவரில் பெயிண்டால் எழுதப் போகிறார்களாம். இந்த வெள்ளைத்திட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த பொம்பளை நான் ஒருத்திதான். வேறு யாரைப் போடுவார்கள்? கூட்டத்துக்கு வந்ததே ஆறு பேர். தலைமையாசிரியர் தனிஸ்லாஸ் சார், "ஒங்கள விட்டா ஆளு கெடையாதும்மா" என்றார். வேண்டாம் என்பதுபோல இரண்டு தடவை தலையை ஆட்டிவிட்டு ஒத்துக்கொண்டேன்.

இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான். ஏதோ உரக் கம்பெனி போட்டது. "நடந்தத தேதி போட்டு எழுதி வைங்க, பின்னால யாராச்சும் கேட்டா சொல்லலாம்" என்றார். யார் வந்து கேட்கப் போகிறார்கள்! ஆனாலும் எழுதுகிறேன். கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 24

ஷெட்டில் உப்புப் பாக்கெட் ஒட்டி ஒட்டி விரல் நுனியெல்லாம் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு எழுதுகிறேன். தாளில் கறை.

எங்கள் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம். பிள்ளைகள் பதினாலு பேர், ஐந்து வகுப்பு, ஒரே சார். இன்னொரு டீச்சர் மாறுதலாகிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, ஆள் போடவில்லை. அப்புறம் எப்படி நல்ல பள்ளிக்கூடம் என்றால், சத்தம். உப்பளத்துக்கு விடிவதற்கு முன்னே போகிற பொம்பளைகள் காலை பத்து மணிக்குத் திரும்புவார்கள். பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது உள்ளேயிருந்து பிள்ளைகள் ஒரே குரலில் பாடம் சொல்வது ரோடு வரை கேட்கும். கேட்டால், "சார் நல்லா நடத்துதாரு" என்று நிம்மதியாகப் போய் உலை வைப்பார்கள். கேட்காவிட்டால், "இன்னைக்கு போன நோண்டிக்கிட்டு இருக்காரு" என்பார்கள். இதைவிட என்ன பரிசோதனை வேண்டும்?

அந்தச் சத்தத்தில் முதல் குரல் என் மகள் தர்ஷிகாவுடையது. மூன்றாம் வகுப்பு. சாயங்காலம் நான் மீன் ஆய்கையில் எதிரே உட்கார்ந்து தமிழ்ப் புத்தகத்தை விரித்து, ‘மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி’ பாடத்தை ஒரு இடத்திலும் தடுக்காமல் வாசிப்பாள். செதில் தெறித்த கையோடு கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த நேரத்துக்காகத்தான் இருக்கிறேன் என்று தோன்றும்.

பிப்ரவரி 3

பன்னிரண்டாம் தேதி பள்ளிக்கூடத்துக்குப் பரிசோதனை வருகிறது. வெளி ஆட்கள் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போடுவார்களாம். மதிப்பெண் குறைந்த சின்னப் பள்ளிக்கூடங்களைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. சாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. "அப்பிடித்தாம்மா சொல்லிக்கிடுதாவ" என்றார்.

பக்கத்து ஊர் என்றால் பெரியதட்டு. மூன்று கிலோமீட்டர். நடுவில் நாலுவழிச் சாலை, உப்பு லாரியும் கரி லாரியும் கண்மண் தெரியாமல் போகும். தாயும் தகப்பனும் உப்பளத்தில் கிடக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளையை யார் கொண்டுபோய் விடுவார்கள்? ஆம்பளைப் பிள்ளைகள் எப்படியாவது போய்விடும். பொட்டப் பிள்ளைகள் தம்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் பொன்ராஜ் லோடு இறக்கிவிட்டு வந்திருந்தார். சொன்னேன். "சேத்தா என்ன? வேன் விடுவாங்க" என்றார். லாரி ஓட்டுகிற ஆளுக்கு எல்லாமே வண்டிதான். "எவன் விடுவான்? ஒங்க மொதலாளி விடுவானா?" என்று கேட்டேன். குளிக்கப் போய்விட்டார்.

நான் தலைவியாக இருக்கும்போது பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டேன்.

பிப்ரவரி 9

சார் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். ஐந்து பெயர்.

"இந்தப் பிள்ளைய மட்டும் பன்னெண்டாம் தேதி வராண்டாம்மா. கொஞ்சம் மெதுவாப் படிக்கிற பிள்ளைய. நான் போயிச் சொன்னா நல்லாருக்காது. நீங்க தலைவி, சொன்னா கேப்பாவ."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நல்ல மனுஷன், கூச்சம். ஆய்வு வரும் நாளில் மெல்லப் படிக்கிற பிள்ளையை வீட்டில் நிறுத்துவது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உள்ள வழக்கம்தானே. நான் படிக்கும்போதும் உண்டு. நான் அப்போதெல்லாம் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

சீட்டில் முதல் பெயர் மாரிச்செல்வி, நாலாம் வகுப்பு. திக்குவாய். பெயரைக் கேட்டாலே ‘மா’வில் நின்று தவிக்கும். தர்ஷிகா பெயர் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது?

பிப்ரவரி 10

பள்ளிக்கூடம் லீவு. ஐந்து வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். நாலு வீட்டில் ஒரு கேள்வி கேட்கவில்லை. "சரிக்கா", "சரி மைனி", அவ்வளவுதான். தலைவி என்றால் தலைவிதான்.

மாரிச்செல்வியின் அம்மா உலகம்மாள் மட்டும், "ஏங்க்கா வராண்டாம்?" என்றாள். அப்போதுதான் உப்பளத்திலிருந்து வந்திருந்தாள், கால் வெடிப்பில் உப்பு இறங்கி நொண்டினாள்.

"வெளியாளு வாராவ. இவள வாசிக்கச் சொல்லுவாவ. இவளுக்கு வாயி வராது. மார்க்கு கொறஞ்சிரும். அப்புறம் இந்த ஒரு பிள்ளையால பள்ளிக்கூடத்தையே மூடிருவாவ, பாத்துக்க. அதுக்குத்தான் சொல்லுதேன்" என்றேன்.

உலகம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அது கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றது. "சரிக்கா. பள்ளிக்கூடம் இருந்தாச் சரி" என்றாள். காப்பி போடட்டுமா என்று கேட்டாள். நேரம் இல்லை என்று வந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. வந்தது பி.எட். படிக்கிற ஒரு பிள்ளை. டீயும் முறுக்கும் கொடுத்தோம். ஒன்பது பேரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தது. மற்ற ஐந்து பேர் எங்கே என்று கேட்டதற்குச் சார், ‘குடும்பத்தோடு வெளியூர் வேலைக்குச் சென்றுவிட்டனர்’ என்று எழுதிக் கொடுத்தார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 13

தர்ஷிகாவுக்குக் கண்ணாடி போட வேண்டும் போலிருக்கிறது.

பிப்ரவரி 15

ஷெட்டுக்கு லீவு போட்டுவிட்டு அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "பாப்பா கண்ணு சூப்பரா இருக்கே. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டாம் தேதி எழுதாததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். அந்தப் பி.எட். பிள்ளை பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. தர்ஷிகா முறை வந்தபோது நான் வேண்டுமென்றே டீ டம்ளரோடு பக்கத்தில் போய் நின்றேன். அது ஒரு அட்டையைக் கொடுத்தது. ஆமை முட்டையிட்ட கதை, ஏழெட்டு வரி, பாடப் புத்தகத்தில் இல்லாதது. தர்ஷிகா அட்டையை மேலும் கீழும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து நின்று, மணி மாதிரிக் குரலில், "மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி. ஒரு மலையடிவாரத்தில்..." என்று தொடங்கினாள்.

அந்தப் பிள்ளை நிறுத்தவே இல்லை. பாடம் முழுவதையும், அதன் கடைசியில் உள்ள கேள்விகளையும் அவள் ஒப்பித்து முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "குட், போயி உக்காரும்மா" என்றது. காகிதத்தில் ஏதோ எழுதியது. டம்ளரை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 16

ஆட்டுக்குட்டிப் பாடத்தை எடுத்து, மூன்றாம் வரியில் விரலை வைத்து, "இது என்ன?" என்றேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். "இது, இது மட்டும்" என்றேன். மறுபடி முதல் வரி. புத்தகத்தைப் பிடுங்கி, ஷெட்டில் கொடுத்த உப்பு உறையைக் காட்டினேன். வாயே திறக்கவில்லை. ‘உப்பு’. உப்பளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை.

முதுகில் ஓங்கி வைத்துவிட்டேன். அழுதுகொண்டே சொன்னாள்: "சத்தமாச் சொல்லு, சத்தமாச் சொல்லுன்னு நீதான சொல்லுவ? நான் சத்தமாத்தான சொன்னேன்?"

மூன்று வருஷமாக எதிரே உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒரு நாளாவது கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்திருக்கிறேனா? பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவளாம். தூ.

பிப்ரவரி 19

சாரிடம் போய்ச் சண்டை போட்டேன். பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுவிட்டு அவர் போனில் ஏதோ ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எம் மகளுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? அப்புறம் ஏன் சார் அந்தச் சீட்டுல அவ பேரு இல்ல?"

"தலைவி பிள்ள பேரை எப்பிடிம்மா எழுத?"

"பதினாலு பேருல எத்தன பேருக்குத் தெரியும்?"

"நாலு பேரு" என்றார்.

"அப்ப அந்த அஞ்சு பேரு?"

"கேள்வி கேக்காத வீடாப் பாத்து எழுதுனேம்மா. அஞ்சு கிளாஸ், ஒரு ஆளு. காலையில சாப்பாட்டுக் கணக்கு, அப்புறம் வருகைப் பதிவு, அப்புறம் அந்தப் படிவம், இந்தப் படிவம். ஒண்ணாங் கிளாசுக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்க உக்காந்தா போன் வந்துருது. சத்தமாச் சொல்ல வச்சிட்டா, ஊரு நிம்மதியா இருக்கு. நானும் நிம்மதியா இருந்துட்டேன். வார மே மாசம் ரிட்டயர்டு."

அவர் கண் கலங்கியிருந்தது. திட்ட வந்தவள் திட்ட முடியாமல் நின்றேன். அந்தப் பி.எட். பிள்ளை மறந்து வைத்துவிட்டுப் போன அட்டை ஒன்று மேசையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 22

மாரிச்செல்வி வீட்டுக்கு அட்டையோடு போனேன். உலகம்மாள் இன்னும் உப்பளத்திலிருந்து வரவில்லை. அந்தப் பிள்ளை மட்டும் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அட்டையைக் கொடுத்து, "வாசி" என்றேன். உதடு நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு சத்தமும் வரவில்லை. பாவமாக இருந்தது, அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். எதற்கோ, "ஆம முட்டைய யாரு தின்னது?" என்று கேட்டேன். அட்டையில் கடைசியாக அதுதான் கேள்வி.

"கீ... கீ... கீரி" என்றாள்.

"முட்ட எங்க இருந்துச்சு?"

"தா... தாழம் பு... புதருக்கு அடியில."

எல்லாவற்றையும் வாசித்திருந்தாள். மனசுக்குள் முழுக் கதையையும் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடத் தெரியாத பிள்ளையிடம் இத்தனை வருஷமாக யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

"நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்துரு, என்னட்டி?" என்றேன். தலையை ஆட்டினாள்.

பிப்ரவரி 27

மற்ற நாலு பேரும் பரிசோதனைக்கு மறுநாளே பள்ளிக்கு வந்துவிட்டார்களாம். மாரிச்செல்வி மட்டும் வரவில்லை. சார், "வருவா, வருவா" என்கிறார். கம்ப்யூட்டரில் ஐந்து பேரும் வெளியூர் என்று ஏறியிருக்கிறது, மாற்ற முடியவில்லை என்றும் சொன்னார்.

மார்ச் 6

உலகம்மாளைப் பார்த்துப் பேச வேண்டும். ஷெட்டில் வேலை ஜாஸ்தி.

மார்ச் 14

தர்ஷிகாவுக்கு ‘அ’விலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். ‘ட’ வரும்போது கையை உதறிவிட்டு ஓடுகிறாள். மீன் குழம்பு தீய்ந்தது.

மார்ச் 23

தண்ணீர் லாரி வரவில்லை. உலகம்மாள் குடத்தோடு எதிரே வந்தாள். சிரித்தாள். நானும் சிரித்தேன். வரிசையில் ஆள் இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 8

ஒன்றியத்திலிருந்து மேடம் வந்து கூட்டம் போட்டார்கள். வெள்ளைத்திட்டுப் பள்ளி வரும் ஜூன் முதல் பெரியதட்டுப் பள்ளியோடு இணைகிறது. பத்துப் பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகள் எல்லாம் அப்படித்தானாம்.

நான் எழுந்தேன். "மேடம், எங்க மார்க்கு அவ்வளவு மோசமா?"

"மார்க்கா? இதுல மார்க் பத்தி ஒண்ணுமே இல்லம்மா. ஆள் எண்ணிக்கைதான். ஆய்வு அன்னைக்கு ஒன்பது பேரு. போட்டோ இருக்கு."

"மொத்தம் பதினாலு பேரு மேடம்."

மேடம் ஒரு காகிதத்தைத் திருப்பினார்கள். அதட்டவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்கள். "மீதி அஞ்சு பேரு ஊரைவிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதியிருக்கே. சந்தனமாரிங்கறது நீங்கதான? இது உங்க கையெழுத்துதான?"

சார் ஓரத்தில் நின்றார். பின்னால் உட்கார்ந்திருந்த பொம்பளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அது பொய், அந்த ஐந்து பேரும் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள், நான்தான் வீடு வீடாகப் போய் வரவேண்டாம் என்று சொன்னேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான். வாய் வரை வந்தது.

"ஆமா மேடம், என் கையெழுத்துதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏப்ரல் 9

சொல்லியிருந்தால் சாருடைய பென்ஷன் போயிருக்கும். முப்பத்தைந்து வருஷ வேலை. சுகர் வேறு. அவரை நினைத்துத்தான் சொல்லவில்லை.

ஏப்ரல் 10

இல்லை. சார் காரணம் இல்லை. ஐந்து பேரை ஏன் நிறுத்தினாய், உன் மகளுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டிருப்பார்கள்.

ஏப்ரல் 25

கடைசி நாள். பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். சார் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. சாவியை என்னிடம் கொடுக்க வந்தார், நான் வாங்கவில்லை. பத்து மணிக்கு ரோட்டில் போன பொம்பளைகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சுவரில் என் பெயரை இன்னும் எழுதவே இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

மே 19

பெரியதட்டுக்குப் போக ஆட்டோ விடுவார்கள், பட்டியலில் உள்ள ஒன்பது பேருக்கு மட்டும். விட்டுப்போன ஐந்தில் இரண்டு பேரைத் தகப்பன்மார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்களாம். இரண்டு பேர் ஆச்சி வீட்டுக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் போகிறார்கள். மாரிச்செல்வியைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 4

நாளை மறுநாள் பள்ளி திறக்கிறது. இன்றைக்கு எப்படியும் போய்விடுவது என்று உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். மூன்றரை மாசம் கழித்து. மாரிச்செல்வி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தம்பி நடக்க ஆரம்பித்திருக்கிறான்.

"ஆட்டோக்காரன்கிட்ட நான் பேசுதேன் உலகு. தர்ஷிகாவ மடியில வச்சிக்கிடலாம், செல்விய ஏத்திக்கிடலாம்" என்றேன்.

"வேண்டாங்க்கா. அவதான் போவ மாட்டங்கால்லா."

"நான் ஒரு நாளைக்குத்தான உலகு வராண்டாம்னேன்?"

"ஒன்னய நான் குத்தஞ் சொல்லுவனா? மறுநாளு காலையிலயே குளிச்சிட்டுக் கெளம்பிப் போயிருன்னு சொல்லிட்டுத்தான் நான் உப்பளத்துக்குப் போனேன். வந்து பாக்கேன், தம்பிய வச்சிக்கிட்டு இங்கனயே உக்காந்திருக்கா. அடிச்சும் பாத்துட்டேன். ஏம்டி போவலன்னு கேட்டா வாயி வரல. தாள எடுத்து எழுதிக் குடுத்தா. எனக்கு எழுத்தா தெரியும்? சார்ட்டக் காட்டலாம்னு வச்சிருந்தேன், வெக்கமா இருந்துச்சு. அதுக்குள்ள மூடிட்டாவ."

உள்ளே போய் ரேஷன் கார்டு உறையைக் கொண்டுவந்தாள். அதற்குள்ளிருந்து நாலாக மடித்த நோட்டுத் தாள் ஒன்றை எடுத்தாள். "நீ படிச்சவ. என்னன்னு பாத்துச் சொல்லுக்கா" என்றாள்.

பென்சில் எழுத்து. குண்டு குண்டாக, ஒரு பிழை கூட இல்லை.

‘அம்மா, நான் போனால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவார்கள். தர்ஷிகா அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. மற்ற பிள்ளைகள் படிக்கட்டும். நான் தம்பியைப் பார்த்துக்கொள்கிறேன்.’

இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாவது தடவை எழுத்து தெரியவில்லை.

"என்னக்கா எழுதிருக்கா?"

"ஒண்ணுமில்ல. பாடந்தான். புத்தகத்தப் பாத்து எழுதிருக்கா" என்றேன். "எழுத்து நல்லா இருக்கு."

உலகம்மாளுக்குச் சந்தோஷம். "அப்பிடியா? நல்லா இருக்கா?" என்று தாளை வாங்கி, மடிப்புக் கலையாமல் மறுபடி உறைக்குள் வைத்தாள். மாரிச்செல்வி கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குக் கேட்டது. உதடு ஒரு தடவை அசைந்தது. பிறகு குனிந்து அடுத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோ எட்டரைக்கு வரும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.